கைராசியும் விதையின் தாயகமும்

பூஞ்செடி வளர்ப்போரிடையே கைராசி என்றொரு சொல் வழங்குகின்றது. ஒரே பொதியிலிருந்து எடுத்த விதையை இரண்டு வீட்டார் பகிர்ந்து விதைக்கின்றனர். ஒரு வீட்டுச் சாடியில் எட்டாம் நாள் பச்சை தெரிகின்றது; மற்ற வீட்டுச் சாடியில் மூன்று வாரம் கழிந்தும் வெறும் மண்ணே காணப்படுகின்றது. முன்னவருக்குக் கைராசி உண்டென்றும், பின்னவருக்கு அது இல்லையென்றும் அயலார் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். கூறப்பட்டவரும் அதை நம்பிவிடுகிறார். அடுத்த ஆண்டு விதையைத் தொடவே தயங்குகிறார். மங்கலச் செயல்களிலிருந்து கைம்பெண்களை விலக்கி வைத்த நம் சமூகத்தில், விதைக்கும் கைக்கு ராசி பார்ப்பது எத்தனை உள்ளங்களைப் புண்படுத்தியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

விதை கையைப் பார்த்து முளைப்பதில்லை. அதன் தாய்ச்செடி எத்தகைய நிலத்தில் நின்றதோ, அந்த நிலத்தின் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்றபடியே அது அமைந்திருக்கின்றது. எந்த விதை எந்த நிலத்துக்கு உரியது என்பதை அறிந்து, அந்த நிலத்தின் நிலைமையைச் சாடியில் சிறிதளவு உண்டாக்கிக் கொடுப்பவர் எவரோ, அவரையே உலகம் கைராசிக்காரர் என்கிறது. அந்த அறிவைப் பெறுவதற்குக் கண்டியைப்போல் வாய்ப்பான இடம் இலங்கையில் வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

இரு நிலங்களுக்கு இடையே

கண்டி மாநகர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. ஆண்டின் சராசரி வெப்பம் 24, 25 பாகை செல்சியஸ் அளவில் நிற்கின்றது. தெற்கே மலையேறி 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடைந்தால், குளிருடையின்றி மாலையில் வெளியே செல்ல இயலாது. கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கைக் கடந்து, ஹுன்னஸ்கிரியாவுக்கு அப்பால் பதினெட்டு வளைவு எனப் பெயர்பெற்ற பாதையில் இறங்கி மகியங்கனையை நோக்கினாலோ, மாதக்கணக்காக மழை காணாத வரண்ட வலயம் எதிர்ப்படுகின்றது. தலதா மாளிகைக்குப் பின்புறமாக உயர்ந்து நிற்கும் உடவத்தைக்கலைக் காட்டிலோ இலைச்சருகின் அடியில் ஈரம் எளிதில் வற்றுவதில்லை.

இந்த மூவகை நிலங்களிலிருந்தும் மலர்ச்செடிகள் கண்டி வீடுகளின் முற்றத்துக்கு வந்து சேர்கின்றன. அவற்றோடு கடல் கடந்து வந்தவையும் கலந்து நிற்கின்றன. துலுக்கச் செவ்வந்தி மெக்சிக்கோ நாட்டிலிருந்து வந்தது. நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவுக்குரியது. நம் கோயில்களிலும் விகாரைகளிலும் இடம்பெற்றுவிட்ட ஈழத்தலரிகூட, பெயரில் ஈழம் இருப்பினும், அமெரிக்க வெப்ப நாடுகளின் பிள்ளையே. ஒரே முற்றத்தில் நிற்கின்றன என்பதற்காக இவற்றின் விதைகளை ஒரே முறையில் விதைத்தால், சில முளைக்கும், சில முளைக்கமாட்டா. அவ்வளவே கைராசியின் மர்மம்.

கதவடைத்த விதைகள்

முதலில் வரண்ட நிலத்து விதைகளைக் காண்போம். கொன்றை, மயிற்கொன்றை, முள்முருக்கு, வேலியிற் படரும் சங்குப்பூ ஆகியவற்றின் விதைகள் கைக்குக் கல்லைப்போல் இருக்கும். தோல் நீரை உள்ளே விடாது. கோடையின் நடுவே தற்செயலாக ஒரு தூறல் விழுந்து, அதை நம்பி முளைத்துவிட்டால், மறுவாரத்து வெயிலில் அந்த நாற்று மாண்டுபோகும். ஆகவே வெயிலும் ஈரமும் மாறி மாறித் தாக்கி, தோல் சிறிது பிளவுபடும் வரையில் அந்த விதைகள் உறங்குகின்றன. ஒரே காயில் விளைந்த விதைகளுள் சில இவ்வாண்டும், சில அடுத்த ஆண்டும், சில அதற்கடுத்த ஆண்டும் விழிக்கும். செடிக்கு இது பாதுகாப்பு. வீட்டில் வளர்ப்பவருக்கோ, பத்து விதைத்து ஒன்று முளைக்கும் ஏமாற்றம்.

இவற்றை எழுப்புவது கடினமன்று. விதையின் மீது, அது காயுடன் ஒட்டியிருந்த தழும்பு ஒன்று காணப்படும். அந்தப் பக்கத்தில் முளையம் இருக்கக்கூடுமாதலால் அதை விட்டுவிட்டு, எதிர்ப்புறத்தை அரத்தினாலோ கரடான கல்லினாலோ மெல்ல உரைத்தல் வேண்டும். மேல்தோலின் நிறம் மாறி, உள்ளிருக்கும் வெளிறிய பகுதி புள்ளியளவு தெரிந்தவுடன் நிறுத்திவிடலாம். பின்னர் ஓர் இரவு நீரில் ஊறவிட்டால், விதை இருமடங்காகப் பருத்திருக்கும். விதைகள் மிகுதியாக இருப்பின், கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கிச் சில நிமிடங்கள் ஆறவிட்டு, விதைகளின் மேல் ஊற்றி, அப்படியே மறுநாள் காலை வரை வைத்திருக்கலாம். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுதல் ஆகாது, விதை வெந்துவிடும். காலையில் பருத்தவற்றை மட்டும் விதைத்து, பருக்காதவற்றை மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்க. ஊறவைப்பதிலும் அளவு உண்டு. விதையும் மூச்சு விடுகின்ற உயிரே. ஒரு நாளுக்கு மேல் நீருக்குள் அமிழ்ந்து கிடந்தால் அது மூச்சு முட்டி அழுகிப்போகும்.

தலதா மாளிகையின் வாயிலில் பூசைக்காக விற்கப்படும் தாமரையும் இந்தக் குலத்துக்குரிய விதையை உடையதே. சீனாவின் வடகிழக்கே, நீர் வற்றிப்போன பழைய ஏரியொன்றின் படிவிலிருந்து எடுக்கப்பட்ட தாமரை விதை, ஏறக்குறைய 1,300 ஆண்டு உறக்கத்தின் பின்னர் முளைத்ததென்பதை 1995-ம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அத்தனை காலமும் உயிரைக் காத்தது அதன் இறுகிய தோல். அதே தோலை நாம் அரத்தினால் சிறிது தேய்த்து, வெளிச்சமுள்ள இடத்தில் வெதுவெதுப்பான நீர் நிறைந்த கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு, நாள்தோறும் நீரை மாற்றிவந்தால், ஒரு வாரத்தில் பச்சைக் குருத்து வளைந்து வெளிவரும்.

உலர்ந்தால் இறப்பவை

இதற்கு நேர்மாறான இயல்புடையவை ஈரக்காட்டு விதைகள். மழை ஓயாத காட்டில், வீழ்ந்த இடத்திலேயே ஈரம் இருக்கின்றது; உறங்கிக் காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. ஆகவே இவை உலர்வதற்குப் பழகவேயில்லை. உலர்ந்தால் இறந்துவிடும். விதையை வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போத்தலில் அடைத்து வைக்க வேண்டுமென்பது நம் பாட்டிமார் சொன்ன விதி. நெல்லுக்கும் கத்தரிக்கும் செவ்வந்திக்கும் அது பொன்னான விதி. அதையே சண்பகத்துக்கும் நாகமரத்துக்கும் கடைப்பிடித்தால், விதைப்பதற்கு முன்பே அவற்றைக் கொன்றவர்களாவோம்.

இந்த உண்மையை உலகுக்குப் பெரும்பொருட்செலவில் கற்பித்த விதை ஒன்று உண்டு. அதன் வரலாற்றில் நமது பேராதனைக்கும் பங்கு உண்டு. 1876-ம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 இறப்பர் விதைகளைக் கப்பலேற்றி, லண்டனுக்கு அண்மையிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். கடற்பயணத்தின் சில வாரங்களுக்குள்ளேயே பெரும்பாலானவை உயிரிழந்துவிட்டன. முளைத்தவை ஏறத்தாழ நூற்றுக்கு நான்கே. மீண்டும் விதையாக அனுப்பினால் அந்த நான்கும் மிஞ்சாது என்பதை உணர்ந்த கியூ அதிகாரிகள், 1,919 நாற்றுக்களை 38 கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்து அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பினர். அப்போது பேராதனைத் தோட்டத்தின் தலைவராக இருந்தவர் த்வெயிற்ஸ் என்னும் தாவரவியலறிஞர். பேராதனையைவிட வெப்பம் மிகுந்த கம்பகாவுக்கு அருகே, ஹெனரத்கொடையில் அதற்கெனவே அமைத்த தோட்டத்தில் அந்நாற்றுக்கள் நடப்பட்டன. எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் பால் வெட்டி வாழ்ந்த இறப்பர்க் காடுகளின் தோற்றுவாய், அந்த நூற்றுக்கு நான்கு விதைகளே.

விதைகளுள் உலர்த்திச் சேமிக்கத்தக்கவை ஒரு சாதி, சேமிக்க இணங்காதவை மறு சாதி என்ற பிரிவினையை 1973-ம் ஆண்டில் ஈ. எச். ராபர்ட்ஸ் என்ற பிரித்தானிய அறிஞர் பெயரிட்டு வகுத்தார். இன்று கன்னொருவையிலுள்ள தாவர மரபுவளங்கள் நிலையத்தைப் போன்ற இடங்களில் பயிர் விதைகளை உலர்த்திக் குளிரறையில் பல்லாண்டுகள் காக்கின்றனர். இணங்காத விதைகளை அவ்வாறு காத்தல் இயலாது. அவற்றின் இனத்தைக் காக்க, உயிருள்ள மரமாகவே நட்டு வைத்திருத்தல் வேண்டும். அதனால்தான் ஒரு வீட்டு முற்றத்தில் நிற்கும் சண்பகமும் ஒருவகையில் விதைக் களஞ்சியமாகின்றது. அதை வெட்டிவிட்டால், எந்தப் போத்தலிலிருந்தும் அதை மீட்டுக்கொள்ள முடியாது.

சண்பகத்தின் காய் வெடித்ததும், செந்நிறச் சதையால் மூடப்பட்ட விதைகள் வெளியே தெரியும். பறவைகள் அவற்றை முந்திக்கொள்ளும். சதையோடு விதைத்தால் எறும்பும் அழுகலும் சேர்ந்து விதையைக் கெடுத்துவிடும். ஒரு நாள் நீரில் ஊறவிட்டு, மணலோடு சேர்த்துப் பிசைந்து சதையைக் கழுவி நீக்கி, அன்றே நிழலில் விதைத்தல் வேண்டும். அதன்பின் பொறுமை தேவை. விதைக்குள் இருக்கும் முளையம் முழு வளர்ச்சி பெறாத நிலையில் இருப்பதால், ஒன்றரை மாதமும் அதற்கு மேலும் மண்ணுக்குள் இருக்கக்கூடும். முளைக்கவில்லையென்று மூன்றாம் வாரத்தில் மண்ணைக் கிளறுவோர் பலர். அங்கேதான் கைராசி கெடுகின்றது. 1986-ல் இலங்கையின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட நாகமரத்தின் பளபளப்பான கபில நிற விதையையும், உதிர்ந்த சில நாட்களுக்குள் நிழலான ஈரமண்ணில் ஊன்றிவிடுவது நலம்.

ஒளியை விரும்புவனவும் இருளை விரும்புவனவும்

மண்ணுக்குள் புதைத்தால்தான் விதை முளைக்கும் என்பது பொதுவான எண்ணம். தூசியைப்போல் நுண்ணிய விதைகளுக்கு அது பொருந்தாது. பெட்டூனியா, பிகோனியா, பத்துமணிப்பூ முதலியவற்றின் விதையில் சேமித்த உணவு மிகக் குறைவு. ஓர் அங்குல ஆழத்தில் விழித்துக்கொண்டால், மேற்பரப்பை எட்டுவதற்குள் கைப்பொருள் தீர்ந்துவிடும். எனவே ஒளி மேலே பட்டால் மட்டுமே அவை விழிக்குமாறு அமைந்துள்ளன. இந்த ஒளியுணர்ச்சியின் இரகசியத்தை 1952-ம் ஆண்டில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சியாளர் சலாதுக் கீரை விதையில் கண்டனர். செந்நிற ஒளி பட்டால் விதை விழித்தது. செந்நிறத்துக்கும் அப்பாற்பட்ட ஒளி அடுத்துப் பட்டால் மறுபடியும் உறங்கிவிட்டது. அடர்ந்த இலைகளை ஊடுருவிவரும் வெளிச்சத்தில் இந்த இரண்டாவது வகை ஒளியே மிகுதி. மேலே மரம் கவிந்திருக்கின்றதா, வானம் திறந்திருக்கின்றதா என்பதை அச்சிறு விதை இவ்வாறு அறிந்துகொள்கின்றது. ஆகவே நுண்விதைகளை ஈரமண்ணின் மேல் தூவி, மேல்மண் இடாமல், மெல்ல அழுத்திவிட்டாற் போதும்.

நித்தியகல்யாணியின் வழக்கம் வேறு. அதன் விதைக்கு இருள் வேண்டும். மெல்லிய மண் போர்வை இட்டு, சாடியின் மேல் அட்டையொன்றை மூடி, முளை தெரிந்த அன்றே அட்டையை எடுத்துவிடுதல் வேண்டும். இருளில் முளைக்கச் செய்யும் கலை நமக்குப் புதியதன்று. மலையகத் தோட்டங்களின் மாரியம்மன் திருவிழாக்களில் பெண்கள் முளைப்பாரி வளர்ப்பதை வாசகர் அறிவர். தானியங்களை ஊறவைத்து, எருவும் வைக்கோலும் இட்ட பாத்திரத்தில் தூவி, இருண்ட அறையில் வைத்து நாள் தவறாமல் நீர் தெளிப்பார்கள். ஒளியைத் தேடி நெடிதுயர்ந்த வெளிர்மஞ்சள் முளைகள், குறித்த நாளில் தலைமேல் ஊர்வலம் செல்லும். ஊறல், ஈரம், வெதுவெதுப்பு, இருள் ஆகிய நான்கையும் அளவறிந்து கையாளும் அந்தப் பெண்கள், எந்த விவசாயப் பள்ளியிலும் படித்தவர்கள் அல்லர். பூஞ்செடி நாற்றுக்கு மட்டும் ஒரு வேறுபாடு: முளைத்த பின்னரும் இருளில் வைத்திருந்தால் அது நெடுகிச் சோர்ந்து விழுந்துவிடும்.

கண்ணாடிக் கூரை

இனிச் சாடியையும் மண்ணையும் கவனிப்போம். கண்டியில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை வலுக்கின்றது. மே மாதத்துக்குப் பின்னர் தென்மேற்குப் பருவக்காற்று வேறு. இம்மாதங்களில் திறந்த வெளியில் விதைத்தால், ஒரே மாலை மழையில் விதையும் மண்ணும் வாய்க்காலோடு சென்றுவிடும். தாழ்வாரத்தின் ஓரத்தில், கூரைக்குக் கீழே சாடியை வைத்தல் நன்று. தும்புச்சோறும் கழுவிய ஆற்று மணலும் சம அளவில் கலந்த கலவை, முளைப்பதற்குப் போதுமானது. விதை தன் முதல் உணவைத் தன்னோடு கொண்டுவருகின்றது. எருவை அது உடனே நாடுவதில்லை. மக்காத எருவோ நோய்க் கிருமிகளை அழைத்து வரும்.

சாடியின் மேல் ஒரு கண்ணாடிப் போத்தலைக் கவிழ்த்து வைக்கும் முறைக்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. லண்டன் மருத்துவரான நதானியேல் வார்ட் என்பவர், மூடிய கண்ணாடிப் போத்தலின் ஈரமண்ணில் பன்னச்செடி தானாக முளைத்து வாழ்வதைக் கண்டு, அதைக்கொண்டு செடிகளைக் கடல் கடத்தும் பெட்டியை உருவாக்கினார். 1842-ல் அதைப்பற்றி நூலும் எழுதினார். இறப்பர் நாற்றுக்கள் இலங்கைக்கு வந்தது அத்தகைய பெட்டிகளிலேயே. மண்ணிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் படிந்து, மீண்டும் துளியாக மண்ணுக்கே இறங்குகின்றது. நம் வீட்டுப் போத்தலும் ஒளிபுகும் பொலித்தீன் உறையும் செய்வது அதே தொழிலையே. ஆயின் நேர்வெயிலில் வைத்தால் அதுவே அடுப்பாகிவிடும்.

மூடியை எப்போது எடுப்பது என்பதிலேயே பலர் தவறிவிடுகின்றனர். முளை கண்டதும் நாள்தோறும் சிறிது சிறிதாகக் காற்றுவிடத் தொடங்குதல் வேண்டும். இல்லையேல், முதல் நாள் மாலை நிமிர்ந்து நின்ற நாற்றுக்கள் மறுநாள் காலை அடித்தண்டு கறுத்துச் சாய்ந்து கிடக்கும். கண் பட்டுவிட்டது என்று சிலர் கூறும் இந்த நிலை, நாற்றழுகல் நோய். தேங்கிய ஈரத்திலும் அசைவற்ற காற்றிலும் பெருகும் நுண்ணுயிர்களே அதன் காரணம். விதைப்பதற்கு முன் கலவையின் மேல் கொதிநீரை ஊற்றி ஆறவிடுதல், நெருக்கமாகத் தூவாதிருத்தல், மேலிருந்து ஊற்றாமல் தட்டில் நீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுதல் ஆகிய மூன்றும் அந்தக் கண்ணேற்றைப் பெரிதும் தடுக்கும்.

வீட்டில் முளைக்காத விதை

வீட்டு முறைகள் எல்லாவற்றுக்கும் அடங்காத விதை ஒன்று உண்டு. அது ஓர்க்கிட்டின் விதை. வெசாக் மாதத்தில் பூக்கும் இலங்கைக்கே உரிய வெசாக் ஓர்க்கிட்டும் அக்குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரே காயில் ஆயிரக்கணக்கிலும் இலட்சக்கணக்கிலும் விதைகள் இருக்கும். ஊதினால் புகைபோல் பறக்கும். ஆயின் அவற்றுள் சேமித்த உணவு ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம். காட்டில் ஒருவகைப் பங்கசு அவ்விதைக்குள் புகுந்து உணவூட்டினாலன்றி அது நாற்றாவதில்லை. இதை 1899-ம் ஆண்டில் நோயல் பெர்னார்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தார். பங்கசுக்குப் பதிலாகச் சர்க்கரை கலந்த கூழ்த்தளத்திலும் அதை முளைக்கச் செய்யலாமென்று 1922-ல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கர் காட்டினார். இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கலப்பின ஓர்க்கிட்டுக்கள் பலவும் அவ்வாறு கண்ணாடிக் குடுவைக்குள் பிறந்தவையே. பேராதனைத் தோட்டத்தின் ஓர்க்கிட் மனையைக் காணச் செல்வோர், பூவின் அழகோடு இந்தப் பிறப்பின் அருமையையும் நினைத்துப் பார்க்கலாம்.

காட்டு ஓர்க்கிட்டை மரத்திலிருந்து பிடுங்கி வந்து வீட்டில் கட்டுவோர் இன்னும் உளர். தாயைப் பிடுங்கிவிட்டால், அது தூவவிருந்த இலட்சம் விதைகளும், அவற்றுள் தப்பிப் பிழைக்கவிருந்த ஒன்றிரண்டு கன்றுகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. காப்புக் காடுகளிலிருந்து செடியையோ விதையையோ அனுமதியின்றி எடுக்கலாகாது. நமக்கு வேண்டிய விதைகள் அயலவர் வேலியிலும், பாதையோர மரத்தடியிலும், நண்பர் முற்றத்திலும் தாராளமாகக் கிடைக்கின்றன.

விதைக்கும் கைக்கு

புதிதாகத் தொடங்குவோர் ஒரு சிறு கொப்பியை வைத்துக்கொள்வாராக. விதை கிடைத்த இடம், காய் முற்றிய மாதம், உலர்த்தியதா பச்சையா, உரைத்ததா ஊறவைத்ததா, எத்தனையாம் நாள் முளைத்தது என்பவற்றை அதில் குறித்து வந்தால், மூன்றாண்டில் அது எந்தப் பொதியின் பின்புறத்திலும் கிடைக்காத நூலாகிவிடும். குளிர்நாட்டாருக்கென அச்சிட்ட குறிப்புக்கள் கண்டி மழைக்குப் பொருந்துவதில்லை. நுவரெலியாவில் தழைக்கும் குளிர்நாட்டுப் பூவின் விதை கட்டுகஸ்தோட்டையில் சோர்ந்துவிடக்கூடும். ஐயத்துக்குரிய பழைய விதையாயின், முதலில் பத்து விதைகளை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பார்க்கட்டும். ஏழெட்டு முளைத்தால் விதை நல்லது. ஒன்றிரண்டே முளைத்தால் குறை விதையினுடையது, விதைப்பவருடையதன்று.

முளைக்காத சாடியைப் பார்த்து எவரேனும் ஒரு பெண்ணிடமோ பிள்ளையிடமோ "உனக்குக் கைராசி இல்லை" என்று சொல்ல வாயெடுத்தால், விதை எந்த நிலத்தது, எப்போது எடுத்தது, எவ்வளவு ஆழத்தில் இட்டது என்ற மூன்று கேள்விகளை முதலில் கேட்கட்டும். அம்மூன்றுக்கும் விடை தெரிந்த பின்னர் அதே சாடியில் அதே கையினால் மறுபடியும் விதைக்கச் சொல்லட்டும். அந்தச் சொல்லுக்கு அதன்பின் வேலை இராது.